ஹாஜறா டீச்சர்ட பஸ்ஸும் முத்தலிப்ட வாங்கும்

இண்டைக்கு காலம்பற நிந்தவூர் மெயின் ரோட்டில நான் ஆரச் சந்திச்சன் தெரியுமா? ஹாஜறா டீச்சர! பென்சன் எடுத்து எத்தினயோ வருசமாப் போன மனுசி, கையில ஒரு பையோட கல்முனைக்குப் போக பஸ்ஸுக்கு நிண்டுக்கிட்டு இருந்தா. நடையையும் சைக்கிளையும் பஸ்ஸையும் வாகனத்தையும் ஒண்டோட ஒண்டு கொழுவி ஒரு ஊர எப்பிடி ஓட வைக்கிற எண்டதில எனக்கு ஒரு பைத்தியம் இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. இவ அந்த வேலய எண்பத்தோராம் ஆண்டே செஞ்சிருக்கா! அதுவும் முத்தத்து மணல்ல ஈர்க்கால கீறி! நல்ல காலம், பஸ் பிந்திட்டு. முழுக் கதையையும் வாங்கிட்டன். சூடு ஆற முந்திச் சொல்லிடுறன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

அந்த வருசம் ஹாஜறாக்கு கலியாணமும் புதுசு, வேலயும் புதுசு. மருதமுனையில ஒரு பள்ளிக்கூடத்தில டீச்சர். நிந்தவூர்ல இருந்து மருதமுனை எண்டா காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை எல்லாத்தையும் தாண்டணும். அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வாற பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிஞ்சு, ஒரு பக்கம் சரிஞ்சுதான் வரும். மிதிபலகையில ஆம்புளையள் வாழைக்குலை மாதிரி தொங்குவாங்க. அதுக்குள்ள ஒரு பொம்புள ஏறுறதெண்டா ஏலாத காரியம். ஒரு பஸ்ஸ விட்டு, மத்த பஸ்ஸ விட்டு, அவ பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரக்குள்ள வரவுப் புத்தகத்தில சிவப்புக் கோடு விழுந்திருக்கும். பிந்தி வாற டீச்சர்மார் அந்தக் கோட்டுக்கு கீழதான் கையெழுத்து வைக்கணும். ஹாஜறாட பேர் எந்த நாளும் கோட்டுக்கு கீழ.

ஒரு நாள் அதிபர் கூப்பிட்டுச் சொன்னார்.

"டீச்சர், இன்னும் கொஞ்ச நாள் பாப்பன். மறுகா உங்கள அங்கால காட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திருவாங்க. என்ட கையில ஒண்டுமில்ல."

காட்டுப் பக்கம் எண்டா போனா போனதுதான், பின்னேரம் வீடு வந்து சேர ஏலா. ஹாஜறாட உம்மா ஒரே சொல்லில முடிச்சிட்டா: "அங்க போய் தனிய இருக்கிறதா? வேலய விட்டுட்டு வா மகள்." வேலய விட ஹாஜறாக்கு மனசே இல்ல. அவட ஒழுங்கைத் தெருவில படிச்சு டீச்சரா வந்த மொதல் பொம்புள அவதான்.

இந்த நேரம் பாத்து ஒரு நல்ல செய்தி வந்திச்சு. நிந்தவூர்ல இருந்தே வெளிக்கிட்டு மருதமுனைக்குப் போறதுக்கு காலம்பற ஒரு புது பஸ் விடப் போறாங்களாம். வெறும் பஸ்! உள்ளுக்கு காத்தோடும்! ஆனா ஒரு நிபந்தன. ஒரு மாசம் விட்டுப் பாப்பாங்க, ஆக்கள் ஏறாட்டி நிப்பாட்டிருவாங்க.

அந்த பஸ்ஸுக்கு எங்க ஹோல்ட், அதாவது பஸ் நிக்கிற இடம், போடுறதெண்டு பாக்கிறதுக்கு டிப்போவில இருந்து ஒரு ஐயா வந்தார். நல்ல மனுசன், வேலயில கவனமான ஆள். விடிஞ்சும் விடியாத நேரம் ஜீப்பில வந்து மெயின் ரோட்டு நீளத்துக்கும் பாத்தார். எல்லா இடமும் வெறிச்சு. ஒரேயொரு இடத்தில மட்டும் திருவிழாக் கூட்டம். ரோட்டப் பாத்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு ஆம்புளையள் நிறைஞ்சு போய் இருக்காங்க. "பாவம் சனங்க, இவ்வளவு வெள்ளன பஸ்ஸுக்கு வந்து காத்துக் கிடக்கு" எண்டு ஐயாக்கு மனசு இளகிட்டு. அந்த இடத்திலயே ஹோல்ட்டு எண்டு கம்பத்த நட்டுட்டுப் போயிட்டார்.

அது முத்தலிப்ட தேத்தண்ணிக் கடை.

எங்கட பக்கத்தில கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பொஞ்சாதிர வீட்டுக்கு வாறது. வீடு பொம்புளைட வீடு. மாப்பிள்ள விடிய சுபஹ் தொழுதிட்டு வந்தா சமைக்கிற குசினியில மாமி நிப்பா, வாசல்ல கொழுந்தி கூட்டுவா, கிணத்தடியில இன்னொரு ஆள். மனுசன் எங்க நிண்டாலும் ஆருக்கோ இடஞ்சல். அதால ஊர்ல உள்ள மாப்பிள்ளமார் எல்லாரும் பள்ளிவாசலால நேரா முத்தலிப்ட கடைக்கு வந்து, முன்னால கிடக்கிற நீட்டு வாங்கில, அந்தப் பலகைப் பெஞ்சில, குந்தி, பிளேன்டீ குடிச்சு, ரோட்டப் பாத்து, போற வாற எல்லாத்துக்கும் ஒரு கருத்துச் சொல்லி, வெயில் ஏறினாப் பிறகுதான் வீட்டுக்குப் போறது. ஒரு ஆளுக்கும் பஸ்ஸில போற எண்ணமே இல்ல.

மொத நாள் பஸ் வந்திச்சு. டிரைவர் காரைதீவு நல்லரெத்தினம், சிரிச்ச முகம். புது ஹோல்ட்ல இவ்வளவு கூட்டமா எண்டு சந்தோசமா பிரேக் போட்டார். வாங்கில இருந்த அத்தின பேரும் பஸ்ஸப் பாத்தாங்க. பஸ்ஸும் அவங்களப் பாத்திச்சு. ஒருத்தரும் அசையல்ல.

"என்ன, ஒருத்தரும் ஏறல்லையா?" எண்டார் நல்லரெத்தினம்.

"நாங்க பஸ்ஸப் பாக்க வந்த ஆக்கள்" எண்டான் முத்தலிப், தேத்தண்ணிய ஆத்திக்கிட்டு. "நல்ல பஸ்தான். நீங்க போய்ட்டு வாங்க."

சரி, ஏறவேண்டிய ஆக்கள் எங்க?

கடைக்கு ஒட்டின ஆமினா உம்மாட வளவுக்குள்ள, வேலிக்குப் பின்னால! ஹாஜறா, கல்முனையில படிக்கிற றாஹிலா, தையல் பழகப் போற புள்ளையள், ஆஸ்பத்திரியில வேல செய்யிற ரெண்டு பேர் எண்டு ஒரு பஸ் நிறையிற அளவுக்கு ஆக்கள். இவங்க ஒருத்தரும் மெயின் ரோட்டால வாறல்ல. வீட்டுக்கு வீடு வேலியில கடப்பு இருக்கு, ஆள் நுழையிற அளவுக்கு ஒரு திறப்பு. அந்தக் கடப்பால நுழைஞ்சு, அடுத்த வீட்டு முத்தத்தால நடந்து, மறுபடியும் ஒரு கடப்பு, மறுபடியும் ஒரு முத்தம் எண்டு, ரோட்டையே காணாம ஊரின்ட ஒரு அந்தத்தில இருந்து மத்த அந்தத்துக்குப் போயிருவாங்க. அந்தப் பாதையெல்லாம் வந்து முடியிறது ஆமினா உம்மாட கடப்படியில. அதுக்கங்கால முத்தலிப்ட வாங்கு. வாங்கில மாமனார்மார், மச்சான்மார், மச்சாண்ட காக்காமார், அதாவது அண்ணன்மார். அவங்கட கண்ணுக்கு முன்னால ரோட்டோரத்தில வரிசையா நிக்கிறதெண்டா, முக்காட்ட எவ்வளவு இழுத்தாலும் போதாது.

ஹாஜறாக்கு இன்னும் மோசம். அவட மாமனார் பக்கீர் முகைதீன்தான் அந்த வாங்கின்ட தலைவர். நடுவில இருப்பார். அவர் இருமினாத்தான் மத்தவங்க கதைப்பாங்க.

பஸ் வந்ததும் இவங்க வேலிக்குள்ளால பாஞ்சு வெளிய வரக்குள்ள பஸ் பள்ளிவாசல் வளைவத் தாண்டிட்டு. புழுதிதான் மிச்சம். அண்டைக்கும் ஹாஜறாட பேர் சிவப்புக் கோட்டுக்கு கீழ.

அண்டைக்குப் பின்னேரம் அவ முத்தத்து மணல நிரவி, ஈர்க்கு ஒண்ட முறிச்சு எடுத்துக்கிட்டு குந்திட்டா. மெயின் ரோட்டுக்கு ஒரு கோடு. வட்டைக்கு, வயல்வெளிக்குப் போற ரோட்டுக்கு ஒரு கோடு. கடப்புப் பாதைக்கு புள்ளி புள்ளியா. ஹோல்ட்டுக்கு ஒரு புளியங்கொட்ட. அவட மாப்பிள்ள ஜெமீல் மெசின் டிரைவர், அதாவது வயலுக்குப் போற டிராக்டர் ஓட்டுற ஆள். சேத்துக் காலோட வந்து நேரா மணலுக்குள்ள நிண்டார்.

"என்ன புள்ள, கோலம் போடுறீங்களா?"

"காலத் தூக்குங்க. நீங்க பஸ்ஸுக்கு மேல நிக்கிறீங்க."

ஜெமீல் பதறிப்போய் காலத் தூக்கினார். "இப்ப?"

"இப்ப ஆமினா உம்மாட கோழிக்கூட்டுக்கு மேல. இஞ்சால வந்து இருங்க. ஒரு கேள்வி. காலம்பற நீங்க மெசினக் கொண்டு வெளிக்கிடக்குள்ள பின்னால இழுக்கிற பெட்டியில ஆர் இருக்கிற?"

"ஒருத்தரும் இல்ல. மெசின் நிக்கிறது வட்டைப் பக்கம். அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வந்துதானே வேலைக்காரங்கள ஏத்துறது. வரக்குள்ள வெறும் பெட்டி."

"வெறும் பெட்டி!" எண்டு ஹாஜறா புளியங்கொட்டையால தொடையில ஒரு தட்டு. "வட்டையோரத்துப் புள்ளையள் அவ்வளவு தூரமும் நடந்து வந்து செத்துப் போகுதுகள். நீங்க வெறும் பெட்டியோட அதுகளத் தாண்டி வாறீங்க!"

"என்னையக் கேட்டா ஏத்தியிருப்பன்தானே?"

"உங்களுக்கு ஆர் கை காட்டுறது? ரோட்டுக்கு வந்தாத்தானே கை காட்ட!"

அப்பிடி ஒவ்வொண்டா கொழுவினா. வட்டையோரத்துப் பொம்புளையள் ஜெமீல்ட பெட்டியில வந்து, ஆமினா உம்மாட பின் கடப்படியில இறங்குவாங்க. அவங்கள இறக்கிப்போட்டு அதே பெட்டியில ஆம்புளையள் வயலுக்கு. கடற்கரைப் பக்கத்துப் புள்ளையள காக்காமார் சைக்கிள் கரியர்ல வச்சுக் கொண்டு வருவாங்க. அவங்களுக்கும் அந்தப் பக்கம் வேல எண்டா, சைக்கிள ஆமினா உம்மாட மாமரத்துக்கு கீழ விட்டுட்டு அவங்களும் அதே பஸ்ஸில ஏறலாம். மெசினெல்லாம் சந்தியில பஸ்ஸ மறிச்சு நிக்கிறதால பஸ் பிந்துது. அதால பஸ் போகும் வரைக்கும் மெசின் வட்டை ரோட்டுக்குள்ளயே நிக்கணும்.

ஆமினா உம்மாவும் சம்மதிச்சா. "சைக்கிள் நிக்கட்டும். ஆனா என்ட கோழிக்கு மணி அடிச்சு வெருட்டினா சைக்கிள கிணத்துக்குள்ள போட்டிருவன்."

ரெண்டு மூண்டு நாளைக்குள்ள எல்லாம் ஓடத் தொடங்கிட்டு. நல்லரெத்தினத்துக்கும் ஆள் அனுப்பிச் சொன்னாங்க. அந்த மனுசன் ஹோல்ட்டத் தாண்டி, வேலியோரத்தில பஸ்ஸ அணைச்சு, "டீச்சர், வேலிக்கு ஹோர்ன் அடிக்கிற ஒரே டிரைவர் இலங்கையில நான்தான். வீட்டில சொன்னா பேயோட்டக் கூட்டிட்டுப் போவாங்க" எண்டு பகிடி பண்ணி ஏத்திட்டுப் போனார். ஹாஜறா கோட்டுக்கு மேல கையெழுத்து வச்சா. மையும் காய முந்தி அடுத்த செய்தி வந்திட்டு.

நல்லரெத்தினம்தான் கொண்டு வந்தார். இந்த முற சிரிப்பில்லாம.

"டீச்சர், திங்கக்கிழம டிப்போ ஐயா வாறாராம். ஹோல்ட்ல ஆள் நிக்கிறதில்ல எண்டு ஆரோ சொல்லியிருக்காங்க. ஹோல்ட்ட விட்டு வேலியில நிப்பாட்டினா எனக்கும் வேல போகும். அண்டைக்கு கம்பத்தடியில ஆக்கள் நிண்டாத்தான் பஸ் இருக்கும். இல்லாட்டி செவ்வாக்கிழமயில இருந்து பஸ் இல்ல."

மிச்சம் இருந்தது ஒரேயொரு முடிச்சு. முத்தலிப்ட வாங்கு.

ஹாஜறா ஜெமீல அனுப்பினா. "மாமாட்ட சொல்லுங்க. திங்கக்கிழம மட்டும் அந்த வாங்க உள்ளுக்கு இழுத்துப் போடச் சொல்லுங்க." ஜெமீல் வீரமாப் போனார். வாங்கில குந்தினார். பிளேன்டீ குடிச்சார். வாப்பா இருமினார். ஜெமீல் இன்னொரு பிளேன்டீ குடிச்சுப்போட்டு வந்திட்டார்.

"சொன்னீங்களா?"

"சொல்ல வாயத் திறந்தன். முத்தலிப் அதுக்குள்ள திங்கப் பணிசத் தந்திட்டான்."

ஹாஜறா ஆமினா உம்மாட வேலிக்குள்ள நிண்டு முத்தலிப்பட்ட நேராயே கேட்டா. முத்தலிப் குழற ஆரம்பிச்சிட்டான். "என்ன டீச்சர் கதைக்கிறீங்க? என்ட தேத்தண்ணிக்கா அவங்க வாறாங்க? அந்தத் தேத்தண்ணிய நானே குடிக்கிறதில்ல! ரோட்டப் பாக்கத்தான் வாறாங்க. அந்த வாங்க எடுத்தா கடையையும் எடுக்கணும்."

அதுதான் ஹாஜறாக்கு வழியக் காட்டினது. தேத்தண்ணி நல்லமில்லையா? அப்ப வீட்டில அதவிட நல்லதக் குடுத்தா?

ஞாயித்துக்கிழம பின்னேரம் அவ கடப்பு கடப்பா நுழைஞ்சா. ஒவ்வொரு குசினியிலயும் ஒரே கத: "நாளைக்கு சுபஹோட உங்கட மாப்பிள்ளமார வெளிய விடாதீங்க. இடியப்பமும் இறைச்சி ஆணமும் வைங்க. பால் தேத்தண்ணி ஊத்துங்க. பாய் விரிச்சு இருத்துங்க. பஸ் போனாப் பிறகு எங்க வேணுமெண்டாலும் போகட்டும்."

கடைசியா மாமிட வீடு. ஆசியா உம்மா அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா. கதைய முழுக்கக் கேட்டுட்டு சுளக கீழ வச்சா.

"இஞ்சப் பாருங்க மருமகள். நான் கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து இந்தாள் காலம்பற வீட்டில ஒரு வாய் வைக்கல்ல. எனக்கு ஆக்கத் தெரியா எண்டு ஊரே நினைச்சிரிக்கும். நாளைக்கு வைக்கிறன் பாருங்க ஆணம். அந்தாள் எழும்பி நடந்தா எனக்கிட்டக் கேளுங்க!"

திங்கக்கிழம. சுபஹ் முடிஞ்சு பள்ளியால வந்த மாப்பிள்ளமார் கடைப் பக்கம் கிறுக முந்தியே ஒழுங்கை முழுக்க இறைச்சி ஆணம் மணத்திச்சு. ஒவ்வொருத்தரா வீட்டுக்குள்ள நுழைஞ்சவங்கதான். முத்தலிப் கேத்தல வச்சுப்போட்டு வெறும் ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறான். வாங்கு வெறும் வாங்கு.

ஐயா ஜீப்பால வந்து இறங்கினார். அண்டைக்குக் கண்ட கூட்டம் எங்க எண்டு சுத்திப் பாத்தார். மனுசன்ட முகம் வாடிட்டு. வாங்கில குந்தினார்.

வேலிக்குள்ள ஹாஜறா எல்லாரையும் பாத்து, "வாங்க, போவம்" எண்டு சொல்ல வாயெடுத்தா. றாஹிலா அவட கையப் புடிச்சு இழுத்தா. "ராத்தா, அங்க பாருங்க!"

பக்கீர் முகைதீன் வாறார்! மாமி வச்ச ஆணத்த ரெண்டு தரம் வாங்கித் திண்டு, விரலையும் சூப்பிப்போட்டு, ஏவறை விட்டுக்கிட்டு, எப்பவும் போல வந்து வாங்கின்ட நடுவில, ஐயாக்குப் பக்கத்தில குந்திட்டார். பழக்கத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?

"எங்க முதலாளி உங்கட ஆக்கள்?" எண்டார் ஐயா. "ஒரு குஞ்சும் இல்ல. பஸ்ஸ நிப்பாட்டிட வேண்டியதுதான்."

பக்கீர் முகைதீன் இருமினார்.

பஸ்ஸின்ட சத்தம் கேட்டிச்சு. வேலிக்குள்ள ஒருத்தரும் அசையல்ல. ஆமினா உம்மா மட்டும் ஹாஜறாட காதுக்குள்ள சொன்னா: "அவரும் மனுசன்தான் மகள். புலியில்ல."

ஹாஜறா பிஸ்மி சொல்லிக் கடப்பால வெளிய கால் வச்சா. தலைய நிமித்தல்ல. கண்ணுக்குத் தெரிஞ்சது கம்பத்தின்ட அடி, வாங்குக் கால், மாமாட செருப்பு, அவ்வளவுதான். கம்பத்தடியில போய் நிண்டா.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா."

மாமாட பதில் வாற வரைக்கும் உள்ள அந்தக் கொஞ்ச நேரம்தான் என்ட வாழ்க்கையிலயே பெரிய நேரம் எண்டு இண்டைக்கு டீச்சர் சொன்னா.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" எண்டார் பக்கீர் முகைதீன். மறுகா, "ஐயா, ஒருக்கா எழும்புங்க. டேய் முத்தலிப், அந்தப் பக்கத்தப் புடி!"

ஹாஜறா கண்டது இவ்வளவுதான்: வாங்கின்ட நாலு காலும் மண்ண விட்டு மேல எழும்பிச்சு. அந்தரத்தில அப்பிடியே கிறுகித் திரும்பிச்சு. மறுபடி மண்ணில இறங்கிச்சு. செருப்பின்ட மூக்கு இப்ப கடைப் பக்கம்!

"இருங்க ஐயா" எண்டார் பக்கீர் முகைதீன், முதுக ரோட்டுக்குக் காட்டிக் குந்திக்கிட்டு.

"என்ன இது? எனக்கு ஆக்களப் பாக்கணுமே!"

"பாக்கத் தேவல்ல. காதக் குடுங்க, நான் சொல்லுறன். இந்தா வருது கெதியான செருப்பு, அது றாஹிலா, படிக்கிற புள்ள, நடக்கத் தெரியா, ஓடத்தான் தெரியும். இது வட்டையோரத்துப் புள்ளையள், ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிட்டு வருங்கள். இது ஆருட பொஞ்சாதி எண்டு எனக்குத் தெரியா, ஆனா பாரமான ஆள், ரெண்டு பேரா எழுதுங்க."

வேலிக்குள்ள அடக்கி வச்சிருந்த சிரிப்பெல்லாம் அந்த இடத்தில உடைஞ்சு போச்சு. சிரிச்சுக்கிட்டே எல்லாரும் கடப்பால வந்தாங்க, வந்தாங்க, வந்துக்கிட்டே இருந்தாங்க. பின்னால சைக்கிள் விட்டுட்டு வந்த காக்காமார். ஐயா காதக் குடுத்து, வாயத் திறந்தபடி இருந்தார். நல்லரெத்தினம் கம்பத்தடியில, சரியா கம்பத்தடியில, பஸ்ஸ நிப்பாட்டி, வேலிக்கு இல்லாம மனுசருக்கு ஒரு ஹோர்ன் அடிச்சார்.

"அப்ப அண்டைக்கு நான் கண்ட கூட்டம்?" எண்டார் ஐயா, மெல்ல.

"அது நாங்க" எண்டார் பக்கீர் முகைதீன். "நாங்க ஒரு இடமும் போறல்ல ஐயா."

ஹாஜறா மிதிபலகையில கால் வைக்கக்குள்ள பின்னால இருந்து மாமாட குரல் வந்திச்சு, கிறுகாமலே: "மருமகள், பின்னேரம் எத்தினயாம் பஸ்ஸில வந்தாலும் இந்த வாங்கு இப்பிடித்தான் கிடக்கும். பயப்படாம இறங்குங்க." பஸ்ஸுக்குள்ள சன்னலோரம் இருந்து, ஹாஜறா முக்காட்டு நுனியால முகத்த மூடிக்கிட்டு சாய்ந்தமருது வரைக்கும் அழுதா. றாஹிலா பயந்து போய், "ராத்தா, பஸ் கிடைச்சிட்டுதானே, என்னத்துக்கு அழுறீங்க?" எண்டு கேட்டாளாம்.

பஸ் நிலைச்சிட்டு. வேலயும் நிலைச்சிட்டு. மருதமுனையில அவ படிப்பிச்ச புள்ளையள்ட புள்ளையள் இப்ப டீச்சர்மார்.

டீச்சர்ட பஸ் வந்திட்டு, இந்த முழுக் கதையையும் என்ட தலையில போட்டுட்டு ஏறிப் போயிட்டா. எனக்கு அதுக்குப் பிறகு ஒரு வேலயும் ஓடல்ல. உங்களுக்கிட்ட ஒரேயொரு வேண்டுகோள். நாளைக்குக் காலம்பற உங்கட ஊர் ஹோல்ட்டுக்கு ஒருக்கா போங்க. அங்க நிக்கிற ஆக்கள விடுங்க. நிக்க ஏலாம வேலிக்குப் பின்னால, மதிலுக்குப் பின்னால, கடைக்கு ஓரத்தில எங்க ஆர் ஒதுங்கி நிக்காங்க எண்டு தேடிப் பாருங்க. கண்டா எனக்கு எழுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பஸ் டிரைவருக்கும், தேத்தண்ணிக் கடை வச்சிருக்கிற ஒரு ஆளுக்கும் இதக் கட்டாயம் அனுப்பி விடுங்க!